இல்லாத வீட்டின் கணக்கு

வீடு கட்டப் போறம், எவ்வளவு கல் வேணும் எண்டு ஒரு மேசனைக் கேட்டுப் பாருங்கள். நீள அகலத்தைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கல் இத்தனை, சீமெந்து இத்தனை பை, மணல் இத்தனை கியூப். கடைசியில் "கொஞ்சம் கூடக் குறைய வரும்" என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். அந்தக் கணக்கு பெரும்பாலும் பிழைக்காது.

நாங்கள் கேட்டது தலைகீழான கேள்வி. இருந்த வீடு ஒன்று இல்லாமல் போய்விட்டது. அதுக்குள் எவ்வளவு கல் இருந்தது?

நாங்கள் நாலு பேர். எல்லாரும் கலைப்பீடம். உண்மையைச் சொன்னால் கணிதத்துக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்த ஆட்கள். எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கு வலிகாமம் வடக்கில் ஒரு காணி இருக்கிறது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது உடுத்த துணியோடு வெளிக்கிட்ட குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. நாலு நாளில் திரும்பலாம் என்றுதான் போனார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. காணி திரும்பக் கிடைத்தபோது கால் நூற்றாண்டு கடந்திருந்தது. போய்ப் பார்த்தால் முழுக்கப் பற்றை. பற்றையை வெட்டினால் கிணறு. கிணற்றை வைத்துத் திசை பிடித்துத் தேடினால் அத்திவாரம். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் இழப்பீட்டுக்கென்று ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு பெட்டி: 'வீட்டின் பெறுமதி'. அம்மம்மா கேட்டாவாம், "எந்த வருசத்துக் காசில எழுத?" ஒருவரிடமும் பதில் இல்லை. கடைசியில் ஒரு தொகை எழுதப்பட்டது. அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்துக் காணிக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதியதாகத்தான் ஞாபகம்.

இந்தக் கதையைக் கேட்ட அன்றைக்குத்தான் எங்களுக்கு அந்த யோசனை வந்தது. காசின் பெறுமதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். கல் மாறாது. அப்படியென்றால் அந்த வீட்டைக் காசாக இல்லாமல் பொருளாக எண்ணிப் பார்த்தால் என்ன?

ரேப்பும் அத்திவாரமும்

இப்படி எண்ணுவது நாங்கள் கண்டுபிடித்த விசயம் இல்லை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஒரு நகரத்து வீடுகளுக்குள் எவ்வளவு கொங்கிறீற், செங்கல், மரம், இரும்பு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒரு சதுர மீற்றர் தளத்துக்கு இத்தனை கிலோ என்று கணக்கு. வீடு இடிபடும்போது எவ்வளவு பொருளைத் திரும்பப் பாவிக்கலாம் என்று தெரிந்துகொள்வதுதான் அவர்களின் நோக்கம். நகரங்கள்தான் நாளைய சுரங்கங்கள் என்ற கருத்தை அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் 1960களிலேயே முன்வைத்திருந்தார். அவர்கள் நிற்கிற வீட்டை எண்ணுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது நிற்காத வீடு.

ஒரு சனிக்கிழமை ரேப், கொப்பி, கத்தியோடு போனோம். ஊரில் வேலை செய்கிற மேசன் அண்ணை ஒருவரும் கூட வந்தார். அத்திவாரத்தின் வெளி அளவு 36 அடிக்கு 24 அடி. அதாவது 864 சதுர அடி. வெளிச்சுவர்களின் நீளத்தை நடுக்கோட்டில் பிடித்தால் 114 அடி. உள்ளே குறுக்குச் சுவர்கள் ஓடிய தடம் 54 அடி. எல்லாமாக 168 அடி.

"உந்தக் காலத்து வீடு எண்டால் சுவர் ஒண்டரை அடி மொத்தம் இருக்கும்" என்றார் மேசன் அண்ணை. உயரம் 10 அடி என்று வைத்தோம். 168ஐ 10ஆலும் ஒன்றரையாலும் பெருக்க 2,520 கன அடி வந்தது. கதவு, யன்னல் வெளிகளுக்காக நூற்றுக்குப் பதினைந்து கழிக்கச் சொன்னார். மிச்சம் 2,142 கன அடி. எங்கள் ஊரில் மணலும் கல்லும் கியூப்பில்தான் பேசப்படும். நூறு கன அடி ஒரு கியூப். ஆகவே சுவர் மட்டும் 21 கியூப்புக்குக் கொஞ்சம் மேலே.

அத்திவாரம் 2 அடி அகலம், மேலும் கீழுமாக 3 அடி உயரம். அது 1,008 கன அடி. சுண்ணாம்புக் கல்லால் கட்டிய சுவர் ஒரு கன மீற்றர் 2.2 தொன் அளவில் இருக்கும் என்று பிடித்தால், சுவரும் அத்திவாரமும் சேர்ந்து 196 தொன். எங்களுக்கே நம்ப முடியவில்லை. ஒரு சாதாரண ஊர் வீடு, மாடிகூட இல்லை. ஏறக்குறைய இருநூறு தொன்!

மிகுந்த பெருமையோடு அந்தக் கொப்பியைக் கொண்டுபோய் அம்மம்மாவிடம் காட்டினோம்.

அம்மம்மாவின் திருத்தம்

அவ எங்கள் படத்தைக் கன நேரம் பார்த்தா. பிறகு சொன்னா: "இதென்ன, முன்பக்கம் சுவரை எழுப்பிப்போட்டியள்? அது விறாந்தையெல்லோ. மூண்டடி அரைச்சுவரும் தூணும்தான்."

அதோடு முடியவில்லை. "குசினிப் பக்கத்து நடுச்சுவர் கல்லில்லை பிள்ளையள், மண். கலியாணம் முடிச்சு வந்த புதுசில நானே சாணி போட்டு மெழுகின சுவர்."

அத்திவாரத்தைப் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது. நிலத்துக்குள் எல்லாச் சுவருக்கும் ஒரே கல்தான், ஒரே அகலம்தான். மேலே எழுந்தது முழுச்சுவரா அரைச்சுவரா, கல்லா மண்ணா என்று அது சொல்லாது. திரும்ப இருந்து கணக்குப் பார்த்தோம். முன்பக்கம் 36 அடி நீளத்துக்கு 7 அடி உயரம் குறைந்தது. குசினிப் பக்கத்தில் 22 அடி மண்சுவராக மாறியது. கல்சுவர் 2,142 கன அடியிலிருந்து 1,540 ஆனது. 602 கன அடி, அதாவது 37 தொன் கல், அம்மம்மாவின் இரண்டு வசனங்களில் காணாமல் போனது.

திருத்திய கணக்கில் சுவர் 96 தொன், அத்திவாரம் 63 தொன். மொத்தம் 159. சதுர மீற்றருக்குப் பார்த்தால் ஏறக்குறைய 2 தொன். செங்கல், கொங்கிறீற் வீடுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது சதுர மீற்றருக்கு ஒன்றிலிருந்து இரண்டு தொன். எங்கள் கல்வீடு அதன் மேல் எல்லையில் நிற்கிறது. இது மதிப்பீடுதான். சுவரின் உயரம் அரை அடி மாறினாலே தொன் கணக்கில் வித்தியாசம் வரும். ஆனாலும் பெட்டிக்குள் எழுதின அந்தத் தொகையைவிட இதில் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. இந்த எண் எப்படி வந்தது என்று படிப்படியாகச் சொல்லலாம். பிழை என்றால் எந்தப் படியில் பிழை என்றும் காட்டலாம்.

கல் எங்கேயிருந்து வந்தது?

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறைக்கு மேலே இருக்கிறது. வலிகாமத்தில் பல இடங்களில் மண்வெட்டியை இரண்டு முறை போட்டால் கல்லில் முட்டும். தோட்டம் செய்யக் கல்லைக் கிளப்ப வேணும், கிணறு வெட்டக் கல்லை உடைக்க வேணும். கிளப்பிய கல் மதிலாகும், அத்திவாரமாகும், வீடாகும்.

அம்மம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னா: "கிணறு வெட்டின கல்லும் அந்த வீட்டுக்குள்ளதான் கிடந்தது." நாங்கள் அதையும் விடவில்லை. அடுத்த கிழமை போய்க் கிணற்றை அளந்தோம். விட்டம் 12 அடி, ஆழம் 25 அடி. மேலே ஐந்தடி மண் என்று கழித்தால் 20 அடி கல். கணக்குப் பார்த்தால் 2,260 கன அடிப் பாறை அந்தக் குழிக்குள் இருந்து வெளியே வந்திருக்கிறது. வீட்டின் சுவரும் அத்திவாரமும் சேர்ந்து 2,548 கன அடி. அதில் மூன்றில் ஒரு பங்கு சாந்து என்று கழித்தால் கல் 1,700 கன அடிதான். கிணற்றுக் கல்லில் உடைந்து நொறுங்கி உதவாமல் போனது ஒரு பகுதி இருந்திருக்கும். என்றாலும் அந்த வீட்டின் பெரும்பகுதிக்கு அந்த ஒரு கிணறே காணும். கொஞ்ச நேரம் நாங்கள் ஒருவரும் கதைக்கவில்லை.

சாந்தும் அதே பாறைதான். சீமெந்து பரவலாக முன்னர் கல்லைச் சூளையில் போட்டு எரித்துச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கடற்கரைப் பக்கங்களில் முருகைக் கல்லும் சிப்பியும் எரிந்தன. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல் எரிந்தால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும், மிச்சம் காற்றோடு போய்விடும். பிறகு நீற்றி, மணலோடு குழைத்து, நாட்கணக்கில் புளிக்க விட்டுக் கட்டுவார்கள். ஆகவே சுவரில் ஒரு கியூப் சாந்து என்றால் அதுக்குப் பின்னால் எரிந்த விறகும், எரித்த ஆளின் கூலியும் இருக்கிறது. அவற்றை எங்கள் கொப்பியில் எழுத எங்களிடம் வழி இல்லை.

ஓட்டுத் துண்டு

பற்றைக்குள் ஓட்டுத் துண்டுகள் நிறையக் கிடந்தன. ஒன்றின் அடிப்பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் பாதி தெரிந்தன. மேசன் அண்ணை பார்த்த உடனே "கள்ளிக்கோட்டை ஓடு" என்றார்.

அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1865இல் மங்களூரில் பாசல் மிசனைச் சேர்ந்த ஜேர்மானியர்கள் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார்கள். இயந்திரத்தில் அச்சடித்த, ஒன்றோடொன்று கொளுவிக்கொள்கிற தட்டை ஓடு. பிறகு கள்ளிக்கோட்டைப் பக்கமும் தொழிற்சாலைகள் எழுந்தன. மலையாளக் கரையிலிருந்து அந்த ஓடுகள் இந்து சமுத்திரம் எங்கும் கப்பலேறின. இலங்கைக்கும் வந்தன. அதுக்கு முதல் இங்கே வசதியானவர்களின் கூரையில் பீலி ஓடு. மற்றவர்களுக்குக் கிடுகும் பனையோலையும்தான்.

எங்கள் வீட்டின் கூரையையும் கணக்குப் பார்த்தோம். தாழ்வாரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டடி விட்டு, சரிவையும் சேர்த்தால் 1,290 சதுர அடி. நூறு சதுர அடிக்கு 140 ஓடு என்றால் 1,800 ஓடு. அது ஐந்து தொன் அளவில் வரும். அந்தப் பாரத்தைத் தாங்கியது பனை. வளையும் சிலாகையும் முழுக்கப் பனைமரம். அறுபது, எழுபது வருடம் நின்று வைரம் பாய்ந்த பனையைத்தான் கூரைக்கு எடுப்பார்கள். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரம் வெளியே ஏற்றுமதியானது. 1990இல் கழற்றப்பட்ட ஒரு சிலாகை, ஏறக்குறைய பத்தொன்பதாம் நூற்றாண்டில் முளைத்த ஒரு கொட்டையாக இருக்கலாம்.

சீமெந்து வந்ததும் நின்றதும்

அந்த வீட்டின் நிலம் சீமெந்து. அது பின்னால் போட்டது என்று அம்மம்மா சொன்னா. அதற்கு முதல் சாணி மெழுகிய நிலம்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக் கல் பக்கத்திலேயே கிண்டி எடுத்தது. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் 1905இலேயே ரயில் பாதை முழுமையாகிவிட்டது. அந்தப் பாதையில்தான் இங்கே செய்த சீமெந்து தெற்குக்கும் போனது. பல வருடமாக இந்த நாட்டில் எழும்பிய வீடுகளுக்குள் எங்கள் பாறையில் ஒரு பங்கு இருக்கிறது. கல் கிண்டிய பள்ளங்கள் இன்றைக்கும் அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன.

1990இல் எல்லாம் ஒரேயடியாக நின்றது. தொழிற்சாலை மூடப்பட்டது. வடக்குக்குக் கொண்டுவரக்கூடாத பொருட்களின் பட்டியலில் சீமெந்தும் இரும்பும் சேர்ந்தன. சீமெந்து செய்த ஊரில் ஒரு பை சீமெந்து கிடையாது என்ற நிலை. குண்டு விழுந்து வெடித்த சுவரைச் சுண்ணாம்பாலும் களியாலும் பூசினார்கள். பனங்குற்றிகளை அடுக்கி, மேலே உரப்பையில் மண் நிரப்பிப் பங்கர் கட்டினார்கள். ரயில் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும்கூடப் பங்கருக்குள் போயின. வீடுகளுக்கு மேலே இருக்க வேண்டிய மரம் நிலத்துக்குக் கீழே போன காலம் அது.

159 தொன் எங்கே போனது?

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் எங்களுக்குத் தயக்கமாக இருந்தது.

புதுப் பொருள் வராத இடத்தில் பழைய பொருளுக்கு விலை ஏறும். ஆள் இல்லாத வீட்டில் முதலில் போவது ஓடு. அடுத்தது மரம். பிறகு கதவும் யன்னலும், நிலையோடு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. போன இடத்தில் எல்லாருக்கும் ஒரு கூரை வேணும். அந்தக் கூரைகள் எங்கேயிருந்து வந்திருக்கும்?

அம்மம்மாவே சொன்னா. "இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலுக்கு ஒரு கதவு வாங்கினனாங்கள். தேக்கங் கதவு, பித்தளைப் பூட்டு. கொட்டிலுக்குத் தேக்கங் கதவு! காசு குடுத்துத்தான் வாங்கினது. ஆனா ஆற்றையோ வீட்டுக் கதவு." கொஞ்சம் பொறுத்து, "எங்கட கதவும் அப்பிடித்தான் ஆரிட்டயோ போயிருக்கும்" என்றா.

ஆகவே 'களவு போனது' என்ற ஒரு சொல்லுக்குள் இது முழுக்க அடங்காது. ஒரு வீட்டின் சிலாகை இன்னொருவரின் பங்கரில் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம்.

ஆனால் இந்த இடத்தில் எங்கள் கணக்கு ஒரு வேலை செய்தது. கதவைத் தோளில் காவலாம். 1,800 ஓட்டைச் சைக்கிளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். 96 தொன் சுவரை அப்படிக் கொண்டுபோக ஏலாது. கட்டியிருந்தபோதே 15 கியூப். இடித்தால் இடைவெளிகளோடு இன்னும் பொங்கும். மூன்று கியூப் ஏற்றுகிற டிப்பரில் குறைந்தது ஐந்தாறு லோட். சுவர் தானாக விழுந்திருந்தால் கல்லும் கட்டியும் அந்த இடத்திலேயே குவிந்து கிடக்க வேண்டும். நாங்கள் போய்ப் பார்த்த காணியில் குவியல் இல்லை. அத்திவாரத்தின் மேல்மட்டம் வழித்துவிட்டதுபோல இருந்தது.

கணக்கு யாருடைய பெயரையும் சொல்லாது. ஆனால் கையால் நடந்தது எவ்வளவு, இயந்திரத்தால் நடந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். வறுமையும் அவசரமும் கதவைக் கழற்றும். ஊர் ஊராகச் சுவரை வழித்துத் துடைப்பதற்கு எரிபொருளும் வாகனமும் அதிகாரமும் வேணும். படிவத்தில் இருந்த ஒற்றைப் பெட்டிக்குள் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன.

அத்திவாரம் இல்லாத வீடுகள்

எங்கள் கொப்பியைப் பார்த்து எங்களில் ஒருவன் கேட்டான்: "எங்கட ஆக்களின்ர வீட்டை இப்பிடி எண்ண ஏலுமோ?"

அவனுடைய தாத்தா காலத்தில் அவர்கள் இருந்தது வேறொருவரின் காணிக்குள். மண் சுவர், பனையோலைக் கூரை, சாணி மெழுகிய நிலம். கல்லில் கட்ட வசதியும் இல்லை, கட்டினால் விடுவதற்குக் காணிக்காரரும் ஆயத்தம் இல்லை. யாழ்ப்பாணத்தில் சாதியால் ஒடுக்கப்பட்ட பல குடும்பங்களின் நிலை அதுதான். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அது கோயில், தேநீர்க்கடை போன்ற பொது இடங்களின் கதவைப் பற்றியது. குடியிருந்த காணியை அது யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

மண் வீடு இடிந்தால் மூன்று மாரியில் மண்ணோடு மண்ணாகிவிடும். ரேப்பைப் பிடிக்க ஒரு மூலைகூட இருக்காது. எங்கள் முறைப்படி கணக்குப் பார்த்தால் அந்த வீட்டின் விடை பூச்சியம். 1990இல் அவர்களும்தான் ஓடினார்கள். அவர்கள் இழந்ததும் வீடுதான்.

இதுக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஒன்று மட்டும் செய்தோம். அவனுடைய பாட்டியிடம் போய்க் கேட்டு ஒரு பட்டியல் எழுதினோம். எத்தனை முழம் நீளம், எத்தனை பனையோலை, எத்தனை வருடத்துக்கு ஒருக்கால் வேய்ந்தது, மண் எந்தக் குளத்தில் அள்ளியது, அள்ளுவதற்கு யாரிடம் அனுமதி கேட்டது. அவ எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தா. "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கால் ஓலை மாத்த வேணும்" என்றா. ஐம்பது வருடம் இருந்த வீடென்றால் இருபத்தைந்து கூரை. கல்வீட்டுக்கு ஒரே ஒரு கூரை. வீட்டுக்குள் எவ்வளவு பொருள் இருந்தது என்று கேட்டால் கல்வீடு வெல்லும். வீட்டுக்குள் எவ்வளவு உழைப்புப் போனது என்று கேட்டால் விடை மாறும்.

இப்போது கட்டுகிற வீடுகள்

போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் எழும்பிய வீடுகளில் பெரிய பங்கு வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய வீட்டுத்திட்டம் மொத்தம் 50,000 வீடுகள். அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு. 2012இலிருந்து வீட்டுக்காரரே கட்டுகிற முறையில் புது வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், தளம் குறைந்தது 550 சதுர அடி. காசு காணாமல் கடன்பட்டு முடித்தவர்கள் பலர். நகையை அடைவு வைத்து யன்னல் போட்ட கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அப்படி ஒரு வீட்டையும் அதே மேசன் அண்ணையோடு கணக்குப் பார்த்தோம். சுவர் நீளம் 139 அடி, உயரம் 9 அடி, ஆறங்குலப் புளொக்கல். வெளிகளைக் கழித்தால் 1,063 சதுர அடிச் சுவர். 16க்கு 8 அங்குலக் கல் என்றால் 1,200 கல் அளவில் வரும். அதன் கன அளவு 530 கன அடி. சதுர அடித் தளத்துக்கு ஒரு கன அடிச் சுவர்தான். அம்மம்மாவின் வீட்டில் அது 1.8, மண்சுவரைச் சேர்க்காமல்.

குறைந்த பொருளில் வீடு, நல்லதுதானே என்று முதலில் நினைத்தோம். ஆனால் அந்தப் பழைய கல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. இந்தப் புளொக்கல்லில் பெரும்பகுதி மணல். பத்தாயிரம் வீடு என்றால் சுவருக்கு மட்டும் 53,000 கியூப். மூன்று கியூப் டிப்பரில் 17,000க்கு மேற்பட்ட லோட். பூச்சு, தளம், அத்திவாரம் இன்னும் சேர்க்கவில்லை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மணல்காடு, குடத்தனைப் பக்கத்து மணல் மேடுகளையும் வன்னி ஆறுகளையும் கேட்டால் மிச்சக் கதையைச் சொல்லும். சீமெந்தும் இப்போது எங்களுடையது இல்லை. 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோப் பை, 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. அரைகுறையாக நின்ற வீடுகள் அந்த வருடம் அப்படியே நின்றன.

2015, 2016 காலத்தில் 65,000 இரும்பு வீடுகள் தருவதாக ஒரு திட்டம் வந்தது நினைவிருக்கலாம். ஒரு வீட்டுக்கு 21 இலட்சத்துக்கு மேல். அப்போது எங்களுக்குப் பள்ளிக்கூட வயது. அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் வீட்டைப் பொருள் பொருளாகப் பிரித்துத்தான் வாதாடினார்கள். கல்வீட்டை ஏறக்குறைய அரைவாசிச் செலவில் கட்டலாம், அந்தக் காசு இங்கத்தை மேசனுக்கும் தச்சனுக்கும் கல் அரிகிறவருக்கும் போகும், இரும்பு வீட்டுக் காசு கப்பலேறிப் போகும் என்றார்கள். கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு பொருள் பட்டியல் ஒரு பெரிய திட்டத்தோடு மல்லுக்கட்டி நின்றது எங்களுக்குப் பிடித்த வரலாறு.

ஒரு வேண்டுகோள்

இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் 2018இல் வந்தது. படிவங்கள் இன்னும் வரும். காணிகள் இன்னும் முழுக்க விடுபடவில்லை. விடுபடும்போது அங்கேயும் பற்றைக்குள் அத்திவாரங்கள் இருக்கும். அவற்றை அளப்பது பெரிய வித்தை இல்லை. எங்களுக்கே முடிந்தது என்றால் உங்களுக்கு நிச்சயம் முடியும்.

ஆனால் அத்திவாரம் தனியே நின்று சாட்சி சொல்லாது. முன்பக்கம் விறாந்தை என்று சொல்ல ஓர் ஆள் வேணும். எங்கள் கணக்கில் 37 தொன் பிழையைத் திருத்தியவவுக்கு இப்போது வயது எண்பத்தி மூன்று. அத்திவாரம் இன்னும் ஐம்பது வருடம் கிடக்கும். அவசரம் எதில் என்று உங்களுக்கு விளங்கும்.

அடுத்த லீவில் வீட்டுக்குப் போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். பெரிய கேள்விகள் தேவையில்லை. எத்தனை யன்னல்? எந்தப் பக்கம் கதவு? நிலம் என்ன? கூரை என்ன? மரம் எங்கே வாங்கினது? கல் ஆர் உடைச்சது? இவற்றைக் கேட்டால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்லுவார்கள். இப்போது நீங்கள் இருக்கிற வீட்டையும் ஒருக்கால் எழுதி வையுங்கள். இது பயமுறுத்த அல்ல. எங்கள் ஊரில் 1989இல் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாகப் போனபோது கிணற்றடியில் கொஞ்ச நேரம் இருந்தோம். காணி விடுபட்ட பிறகு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியிருக்கிறார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர். மேசன் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "வீடு கட்டினால் உதில இருந்தே தண்ணி எடுக்கலாம்" என்றார். அந்தக் கிணற்றின் வெறுமையும் முன்பு நின்ற வீட்டின் கல்லும் ஏறக்குறைய ஒரே அளவு என்று அவருக்கு நாங்கள் சொன்னோம். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ரேப்பை இழுத்து, புது வீட்டுக்கு மூலை குறிக்கத் தொடங்கினார்.